சிவப்பாய்த் தெரிந்த புரதம்

அந்தக் கருவி எங்கள் ஆராய்ச்சி மையத்துக்கு வந்த அன்று, அதற்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் என் அப்பாவின் பட்டறைக்கு லேத் வந்தபோது நாங்களும் உடைத்தோம். ஆனால் அப்பா லேத்தின் பல்சக்கரத்துக்குள் குங்குமத்தைக் கொட்டவில்லை. இங்கே இயக்குநர், மூடி திறந்திருந்த கருவிக்குள் குனிந்து, லேசர் வெளிவரும் கண்ணாடியைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் சந்தனப் பொட்டு வைத்தார். நிறுவ வந்திருந்த பொறியாளரின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பொட்டைத் துடைத்து எடுக்க அவருக்கு அரை நாள் ஆனது. கைத்தட்டலோ பொட்டு வைத்தவருக்கு.

சரவணம்பட்டியில் ஐடி கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் ஆராய்ச்சி மையம் அது. முனைவர் பட்டம் முடித்துவிட்டு, அந்தக் கருவியை இயக்குவதற்காகவே நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மூலக்கூறுகளை எடை போடும் கருவி. எடை போடுவதோடு நிற்காமல் படமும் வரையும். இலையை மயிரிழையை விட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி உள்ளே வைத்தால், லேசர் அதன் மேல் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எகிறும் துணுக்குகளை எடை போட்டு, இன்ன எடையுள்ள துணுக்கு இலையின் இன்ன இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வண்ணத்தில் காட்டும். அதிகம் இருந்தால் சிவப்பு, குறைந்தால் நீலம். எதற்கு மேல் போனால் சிவப்பு என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. நாம்தான் முடிவு செய்கிறோம். இந்த ஒரு விஷயத்தை எங்கள் இயக்குநர் மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். வேறு எதையும் அவர் கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வந்த முதல் ஆண்டில் அந்தக் கருவி செய்த முக்கியமான வேலை, பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோருக்குக் காட்சி தருவது. மே மாதம் முழுக்க வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நான் அதன் பக்கத்தில் நிற்பேன். இயக்குநர் கூட்டத்தை அழைத்து வருவார்.

"இது எலைக்கு ஸ்கேன் எடுக்கற மெஷினுங்க. பக்கத்துக் காலேஜ்ல எல்லாம் இது இல்லீங்க."

பக்கத்துக் கல்லூரியில் இல்லை என்பதுதான் அதன் பயன். அந்த மாதம் கருவியை ஓட விடமாட்டார்கள். ஓடினால் பம்பின் இரைச்சலில் அவர் பேசுவது கேட்காது.

பிறகு ஒருநாள் அவருக்குத் தென்னை ஞாபகம் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோய் வந்து தோப்பு தோப்பாக மரங்களை வெட்டிக்கொண்டிருந்த நேரம். எல்லா மரமும் வாடிய தோட்டத்தில் ஒரு மரம் மட்டும் வாடாமல் நின்றால், அதன் இலையில் அதைக் காப்பாற்றும் புரதம் ஏதாவது இருக்கக்கூடும், அதைப் படமாகவே காட்டிவிடலாம் என்றார். நான் வியந்துபோனேன். நல்ல கேள்வி. அவரிடமிருந்து வந்த முதல் நல்ல கேள்வியும் கடைசி நல்ல கேள்வியும் அதுதான்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மரம் இருப்பதாகத் தகவல் கிடைத்து இருவரும் போனோம். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். தோட்டம் முழுக்க இந்த அம்மாவின் கையில்தான். நாற்பது மரம் வெட்டியாகிவிட்டது என்றார். நின்றவற்றில் பாதிக்கு மேல் மட்டைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன. கிணற்று மேட்டுக்கு மேற்கே ஒரு மரம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

"ஏனுங்க, எலைய அறுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?" என்று இயக்குநரிடம் கேட்டார்.

"ஸ்கேன் எடுப்போமுங்க. எந்தப் புரதம் மரத்தக் காப்பாத்துதுன்னு படமாவே வந்துருமுங்க."

"மனுசனுக்கு எடுக்கற ஸ்கேனே ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு சொல்லுதுங்க."

இயக்குநர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, எலைய வெட்டிப் பாக்கறது நீதானா?"

"ஆமாங்க. நான்தானுங்க."

"அப்ப எதா இருந்தாலும் உங்கிட்டயே கேட்டுக்கறேன்."

பச்சை மரத்திலிருந்தும் வாடிய மரம் ஒன்றிலிருந்தும் இளம் ஓலைகளை அறுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

தென்னை ஓலையைச் சீவுவது லேசான வேலை இல்லை. மேலே மெழுகு, உள்ளே நார். உறையவைத்து வெட்டினால் நார் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று பிரிந்து பொடிந்து விழும். ஒழுங்கான ஒரு சீவலுக்காக இருபது சீவலைக் குப்பையில் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அடுத்த வேலை நொதி தெளிப்பது. புரதம் பெரியது, முழுசாக எகிறாது. அதனால் டிரிப்சின் என்ற நொதியைப் பனிபோல அதன் மேல் தெளித்தால், அது புரதத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தரும். அந்தத் துண்டுகளைத்தான் கருவி எடை போடும்.

வாடிய மரத்தின் தகட்டுக்குச் சரியாகத் தெளித்தேன். மறுநாள் பச்சை மரத்தின் தகட்டுக்குத் தெளிக்கும்போது தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்து, இன்னொரு முறை முழுக்கத் தெளித்தேன். ஈரம் அதிகமாகி, ஓலை நரம்புகளை ஒட்டிய பள்ளங்களில் தேங்கி நின்றதைக் கண்ணாலேயே பார்த்தேன். 'இரண்டு முறை தெளிக்கப்பட்டது, ஈரம் தேங்கியது' என்று நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டேன் என்ற நிம்மதியில் மறந்தும் போனேன்.

படம் வந்தது. அழகான படம். வாடிய மரத்தின் ஓலை முழுக்க மங்கிய நீலம். பச்சை மரத்தின் ஓலையிலோ நரம்புகளைச் சுற்றிச் சிவப்பு வளையங்கள், அடுக்கி வைத்த வளையல்கள்போல. ஒரே ஒரு எடையில்தான் அந்த வித்தியாசம்: எண்ணூற்று நாற்பத்திரண்டரை. இயக்குநர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "அம்மணி, கண்டுபுடிச்சுட்டோம்!" என்றார். அவர் சந்தோஷமாக இருந்தால் நான் அம்மணி. கோபமாக இருந்தால் மேடம்.

இங்கே அவரை மட்டும் ஏளனம் செய்துவிட்டு நான் நழுவிவிட முடியாது. எண்ணூற்று நாற்பத்திரண்டரை என்பது எங்கள் துறைக்குள் கால் வைக்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே காட்டப்படும் எண். டிரிப்சின் மற்றப் புரதங்களை நறுக்குவதோடு தன்னையும் தானே நறுக்கிக்கொள்ளும். அப்படி விழும் அதன் சொந்தத் துண்டின் எடை அது. எனக்குத் தெரிந்த எண், என் கண் முன்னால் திரையில் இருந்தது. நான் எண்ணைப் பார்க்கவில்லை. வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை என் கணினியின் முகப்பில் வைத்தேன். வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். "சேலை டிசைன் மாதிரி இருக்குது" என்று பதில் வந்தது. பத்து வருடப் படிப்புக்கு அது சரியான மதிப்பீடுதான்.

இரண்டு வாரத்துக்குள் அந்தப் படம் ஆளுயர ஃபிளெக்ஸாகி மையத்தின் வாசலில் நின்றது. 'தென்னையைக் காக்கும் புரதம் கண்டுபிடிப்பு.' கீழே கல்லூரித் தாளாளரின் படம், அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இயக்குநரின் படம், அதைவிடச் சின்னதாக மரத்தின் படம். விவசாயிகளை அழைத்து விழா எடுக்கவும் நாள் குறித்துவிட்டார்கள். அந்தத் துண்டு எந்தப் புரதத்தினுடையது என்று இன்னும் உறுதி செய்யவில்லை என்று சொன்னேன். "அது பேப்பர் எழுதும்போது பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

விழாவுக்கு முந்தின வாரம், சனிக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் யாரும் இல்லை. மனசில் ஏதோ உறுத்தல். இலையே ஒட்டாத வெறும் கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்தேன். அதன் மேல் இரண்டு முறை டிரிப்சின் தெளித்தேன். கருவியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், தகடு முழுக்கச் சிவப்பு. ஈரம் தேங்கிய விளிம்புகளில் அடர் சிவப்பு.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. நாங்கள் வாங்கிய டிரிப்சின் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. கொங்கு நாட்டுத் தென்னையைக் காக்கும் புரதம் என்று ஃபிளெக்ஸ் அடித்து, தாளாளர் படத்தோடு வாசலில் நிறுத்தியிருந்தது பன்றியினுடையது. அப்புறம் ஃபிளெக்ஸில் இல்லாத அந்தத் தோட்டத்து அம்மா நினைவுக்கு வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலை இரண்டு படங்களையும் அச்செடுத்து இயக்குநரின் மேசையில் வைத்தேன்.

"இது நம்ம பச்ச மரம். இது என்னம்மணி, இன்னும் நல்லா வந்திருக்குதே?"

"இது வெறும் கண்ணாடிங் சார். எலையே இல்ல."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விளக்கினேன். நொதி தன்னைத்தானே நறுக்கிக்கொள்வதைச் சொன்னேன், இரண்டு முறை தெளித்ததைச் சொன்னேன், ஈரம் தேங்கியதைச் சொன்னேன். நோட்டைத் திறந்து காட்டினேன். நொதி எங்கிருந்து எடுப்பது என்றும் சொன்னேன். அதுவரை சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பன்னியா?"

"ஆமாங் சார்."

"மேடம், இந்த பில்டிங்குக்குள்ள அந்த வார்த்தையச் சொல்லாதீங்க."

நான் சொன்ன அத்தனையிலும் அவர் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவர் சுத்த சைவம். ஆய்வு பொய்யாய்ப் போனதைவிட, அதைப் பொய்யாக்கிய பிராணிதான் அவரை வருத்தியது.

"விழாவத் தள்ளி வெச்சுறலாங் சார்."

"மினிஸ்டர் பி.ஏ.கிட்டச் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. செவப்புதான உங்குளுக்குப் பிரச்சன? பச்சைக்கு மாத்திருங்க."

"கலர் பிரச்சன இல்லீங் சார்..."

"பச்சைன்னா விவசாயத்துக்கும் பொருத்தமா இருக்கும்."

வெளியே வந்தேன். அன்றே நான் வேலையை உதறிவிட்டுப் போனதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் போகவில்லை. படத்தைப் பச்சைக்கும் மாற்றவில்லை. என் வீரம் அவ்வளவுதான். சிவப்பு ஃபிளெக்ஸே விழாவில் நின்றது.

விழா கல்லூரியின் பெரிய அரங்கில் நடந்தது. பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கமிருந்து இருநூறு பேர்போல வந்திருந்தார்கள். அந்த அம்மாவை மேடைக்கு அழைத்துத் தாளாளர் பொன்னாடை போர்த்தினார். அன்று அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார், மேலே ஆண்கள் சட்டை இல்லை. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். இந்த மரத்தின் நெற்றுகளிலிருந்து நாற்று விட்டால் நோய் அண்டாத தோப்புகளை உண்டாக்கலாம் என்றார். கூட்டம் சலசலத்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இப்பவே அந்தம்மாகிட்டச் சொல்லி வெச்சுறோணும்" என்று சொன்னது காதில் விழுந்தது. 

சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது.

"கண்ணு, காய் வேணும்னு இதுக்குள்ள பதினோரு பேரு கேட்டுப்போட்டாங்க. நீதான வெட்டிப் பாத்த? நெசமாலுமே எம்பட மரத்துல அது இருக்குதா?"

வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"இல்லீங்க."

"இல்லயா?"

"அந்தச் செவப்பு மரத்தோடது இல்லீங்க. வெட்டறதுக்கு நாங்க மேல தெளிக்கற மருந்தோடது. எலையே இல்லாம வெறுங் கண்ணாடில தெளிச்சாலும் அதே செவப்பு வருதுங்க. தப்பு எம்மேலயும் இருக்குதுங்க."

 திட்டுவார் என்று நினைத்தேன்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரமுங்க."

"போன வாரம் தெரிஞ்சுதான் இன்னைக்கு என்னைய மேடையேத்திச் சால்வ போத்துனீங்களா?"

 அவர் தட்டை மேசையில் வைத்தார். பொன்னாடையை எடுத்து நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மதியம் கேள்வி நேரம். அந்த அம்மா எழுந்து நின்றார். மைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து இயக்குநர் முன்கூட்டியே கைகூப்பினார்.

"ஏனுங்க, எலையே இல்லாத கண்ணாடிலயும் இந்தச் செவப்பு வருதாமுங்களே. நெசமுங்களா?"

அவ்வளவு மரியாதையான கேள்வியை அந்த அரங்கம் அதற்கு முன் கேட்டிருக்காது. இயக்குநர், அது தொழில்நுட்ப விஷயம், தனியாக விளக்குகிறேன் என்றார்.

"தனியா வேண்டாமுங்க. பதினோரு பேரு எங்கிட்டக் காய் கேட்டிருக்கறாங்க. அவங்குளும் இங்கதான் உக்காந்திருக்கறாங்க. ஆமாவா இல்லையான்னு சொல்லிப்போடுங்க போதும்."

இயக்குநர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் மேடம்கூட இல்லை. அரங்கமும் அவர் பார்வை போன பக்கம் திரும்பியது. எழுந்தேன். 

"வருதுங்க," என்றேன். "வெறும் கண்ணாடிலயும் வருதுங்க."

அந்த அம்மா தலையாட்டினார். "அப்ப நான் ஆருக்கும் காய் குடுக்கறாப்புல இல்லீங்க. வெசனப்படாதீங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மடித்த பொன்னாடையை மேடையின் விளிம்பில் வைத்தார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். தாளாளர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கவே இல்லை.

என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை, வேறு யாருக்கும் அந்தக் கருவியை ஓட்டத் தெரியாது. மூன்று மாதம் கழித்து வேறொரு ஊரில் நடந்த கருத்தரங்கில் இயக்குநர் ஓர் உரை ஆற்றினார். தலைப்பு, 'தாவரப் புரதப் படமாக்கத்தில் வெற்றுக் கண்ணாடிச் சோதனையின் அவசியம்'. என் இரண்டு படங்களும் அதில் இருந்தன. இந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்த கதையை அவர் விவரித்தது மிகவும் உருக்கமாக இருந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அதற்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. அவமானத்தைக்கூட அந்த மனிதரால் உருப்படியாகப் பட முடியவில்லை.

நான் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். இன்னொரு முறை தோட்டத்துக்குப் போய் ஓலை கேட்டேன். அந்த அம்மா ஆளை மரமேறச் சொன்னார். இந்த முறை இரண்டு மரத்தின் சீவல்களையும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். நொதியை ஒரே நாளில், ஒரே தெளிப்பில் முடித்தேன். ஓரத்தில் வெறும் இடமும் விட்டேன். சீவல் முதல் படம் வரை பலநாள் வேலை. வந்த படம் யாரும் ஃபிளெக்ஸ் அடிக்க முடியாத படம். இரண்டு ஓலையிலும் ஒரே மாதிரி, வெயிலை வாங்கிச் சமைக்க எல்லா இலையிலும் கொட்டிக்கிடக்கும் ஒரே புரதத்தின் துண்டுகள்தான், சாப்பாட்டில் சோறு மாதிரி. வேறு வித்தியாசம் எதுவும் என் கருவிக்குத் தெரியவில்லை. அதிகம் இருப்பது மட்டும்தான் அதன் கண்ணில் படும். கொஞ்சமாக ஏதாவது இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணுமில்லயா கண்ணு?"

"எங்குளுக்கு ஒண்ணும் தெரியலீங்க."

"செரி. அத அப்படியே எழுதிக் குடுத்துரு. காய் கேட்டு இன்னும் ஆளு வருது. நான் சொன்னா, வெல ஏத்தறதுக்குச் சொல்றேன்னு நெனைக்கறாங்க."

மையத்தின் பெயர் அச்சடித்த தாளில் எழுத அனுமதி கேட்டேன். 'எதுவும் கண்டுபிடிக்கவில்லை' என்று எழுதுவதற்கு லெட்டர்ஹெட் தரமுடியாது என்றார் இயக்குநர். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோனேன். மோட்டார் ரூமுக்கு முன்னால் நின்று அதைப் படித்தவர், ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'புலப்படவில்லை'ன்னா என்ன கண்ணு?"

"தெரியலைன்னு அர்த்தமுங்க."

"அப்பத் தெரியலைன்னே எழுது."

அங்கேயே அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி மோட்டார் ரூம் கதவில் பசைபோட்டு ஒட்டினார். அதற்குப் பிறகும் இரண்டு பேர் காய் கேட்டு வந்தார்களாம். கதவைக் காட்டினாராம். படித்துவிட்டு, "படம் எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டார்களாம்.